ஆசிரியர் என்று போட்டால் கோழி வரும்

அந்தக் கல்வியியல் கல்லூரியில் முதுகலை வகுப்பே அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டது. எல்லாம் அவளோடு சேர்ந்து படிக்க வந்த நாத்தனாரின் கைங்கரியம். முதல் நாளே வகுப்பு வாசலில் நின்றுகொண்டு, "அண்ணி, இங்க வாங்க, ஃபேனுக்குக் கீழ இடம் பிடிச்சிட்டேன்!" என்று கட்டடமே அதிரக் கத்தினாள். அதோடு சரி, அண்ணியின் சொந்தப் பெயர் வருகைப் பதிவோடு நின்றுபோயிற்று. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அண்ணி என்றார்கள். நாத்தனாருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார்கள். ஏன் என்று விளக்க வேண்டுமா என்ன?

இருவரும் தொடக்கப்பள்ளி டீச்சர்கள். சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டுப் படிக்க வந்தவர்கள். ரேடியோ பட்டத்துக்காக வந்தாள், அதை மறைக்கவும் மாட்டாள். அண்ணி ஒரு கேள்விக்காக வந்தாள்.

அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள். வீட்டில் மெதுவாகப் பேசுவாள், ஆனால் பேசுவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டு நிறுத்தினால் போதும், வாய்க்குப் பூட்டு. 'பதில் சொல்வதில்லை' என்று ஒவ்வொரு தேர்வுக்கும் மதிப்பெண் அட்டையில் எழுதி வரும். அண்ணி பாடம் எடுக்கிற வகுப்பிலும் அப்படி நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களைப் பற்றி அவளும் அதையேதான் எழுதிக்கொண்டிருந்தாள், மற்ற டீச்சர்கள் மாதிரி. பிறகு ஒரு நாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு கேள்வியைக் கேட்டாள், அடுத்ததைக் கேட்கக் குரல் வரவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்துத் திறந்து குடித்துக்கொண்டிருந்தபோது, வருஷம் முழுக்க வாயே திறக்காத ஒரு பிள்ளை கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து பதில் சொன்னது. அதுவும் முத்து மாதிரிப் பதில்.

கேள்வி கேட்டுவிட்டு டீச்சர் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? இதுதான் அவள் ஆய்வு செய்ய விரும்பியது.

வழிகாட்டிப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஆதாரம் சார். இன்றைக்கு வெயில் அதிகம் என்று யாராவது சொன்னால்கூட, "ஆதாரம்?" என்பார். அண்ணி தன் தலைப்பைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இதுக்கு முன்னால யாராவது இதைப் பண்ணியிருக்காங்களா?"

"தெரியலை சார்."

"தெரியலைங்கறது ஆராய்ச்சி இல்லம்மா. வெள்ளிக்கிழமை தலைப்புக் குழு கூடுது. அதுக்குள்ள பழைய ஆய்வுகளைக் கொண்டு வந்து காட்டுங்க. இல்லேன்னா என்கிட்ட ஒரு நல்ல தலைப்பு ரெடியா இருக்கு. 'பள்ளிச் சீருடையின் நிறமும் மாணவர் வருகையும்'."

அண்ணிக்கு உயிரே போய்விட்டது. சீருடையின் நிறத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் மாரடிப்பதா? அதற்கா சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள்?

அன்றிலிருந்து நாத்தனாரும் அண்ணியும் எல்லாத் துறைக்கும் பொதுவான பல்கலைக்கழக லைப்ரரியே கதி என்று கிடந்தார்கள். ஜன்னலோரக் கணினியில் அண்ணி 'ஆசிரியர் மௌனம்' என்று தட்டுவாள். அடேயப்பா! லைப்ரரியில் இருக்கிற அத்தனை புத்தகமும் திரையில் வரிசை கட்டி நிற்கும். முதலில் கோழி வளர்ப்பு. அடுத்தது கிணறு வெட்டுவது எப்படி. அதற்கடுத்தது பல் நோய்கள். இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்கள். வியாழக்கிழமையும் வந்துவிட்டது, இன்னும் கோழியைத் தாண்டி ஒன்றும் கிடைத்தபாடில்லை.

"அண்ணி, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. கோழிக்கும் வாத்தியாருக்கும் என்ன சம்பந்தம்?"

"அதான்டி எனக்கும் தெரியல. ஒருவேளை கோழி வளர்க்கறதைப் பள்ளிக்கூடத்துல பாடமா வச்சிருந்தாங்களோ என்னவோ."

"நான் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிச்சே பார்த்துட்டேன் அண்ணி. முழுக்க முழுக்கக் கோழிதான். ஆனா ஒண்ணு, சேவல் எப்பக் கூவும்னு நல்லா எழுதியிருக்கான்."

அண்ணி சிரித்துவிட்டாள். சிரிப்பு அழுகையில் கொண்டுபோய் விடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

"உஷ்!"

நூலகர் வந்துவிட்டார். நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடியும் உதட்டின்மேல் விரலுமாகவே நடமாடுகிற அம்மா அவர். அவருக்கு உஷ் மேடம் என்று பெயர். திட்டத்தான் வந்தார். வந்தவர் கண்ணாடியை இறக்கித் திரையைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், 'ஆசிரியர் மௌனம்' என்ற சொற்களையும் பார்த்தார். அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏம்மா, புத்தகம்னா அதை எழுதினவர் ஒருத்தர் இருப்பார் இல்ல? அவரை நாம என்னன்னு சொல்றோம்?"

"ஆசிரியர்னு..." என்று தொடங்கிய அண்ணி சட்டென்று திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதேதான்! இங்க இருக்கற ஒவ்வொரு புத்தகத்துக்கும் கீழ 'ஆசிரியர்: இன்னார்'னு அடிச்சு வச்சிருக்கோம். நீங்க பள்ளிக்கூடத்து ஆசிரியரைத் தேடறீங்கன்னு மெஷின் என்ன கனவா கண்டுது? கோழியைப் பத்தி எழுதினவரும் ஆசிரியர்தானே! வருஷா வருஷம் கல்வியியல்காரங்கதான் இந்தக் குழியில விழறீங்க. தாவரவியல்ல ஒருத்தரும் விழறதில்ல."

ரேடியோ தலையில் அடித்துக்கொண்டாள். "அப்போ நான் சேவலைப் பத்திப் படிச்சதெல்லாம்?"

"பொது அறிவு" என்றார் உஷ் மேடம்.

ஆசிரியரை எடுத்துவிட்டு மௌனம் என்று மட்டும் போட்டார்கள். தியானம் வந்தது, ஊமைப்படம் வந்தது, துறவிகள் வந்தார்கள். வகுப்பறை மட்டும் வரவில்லை. மேடம் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் சூடு பிடித்துவிட்டது.

"நீங்க இன்னைக்குப் பேசற வார்த்தையில தேடறீங்க. எழுதினவங்க அவங்கவங்க காலத்து வார்த்தையிலதானே எழுதியிருப்பாங்க? டீச்சருக்கு வேற என்னென்ன பேர் இருக்கு, சொல்லுங்க பார்க்கலாம்."

ரேடியோவிடம் இப்படியொரு கேள்வியைக் கேட்கலாமா? "வாத்தியார், சார், மிஸ், குரு, பண்டிதர்!" என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். அடுத்த மேசைச் சட்ட மாணவி, "போதகர்?" என்றாள். அவளுக்கும் அடுத்த மேசைக்காரர், "கற்பிப்போர்!" என்று குரல் கொடுத்தார். "பயிற்றுநர்!" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து யாரோ. நிசப்தம் நிசப்தம் என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டிய அறை கல்யாண வீடாகிவிட்டது. உஷ் என்று சொல்ல வேண்டியவரே, "இன்னும், இன்னும்!" என்று ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அண்ணி ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்றுமில்லை. சத்தம் மெல்ல அடங்கியது. எல்லாரிடமும் சரக்கு தீர்ந்துபோய் அறை பழையபடி ஆனபோது, மூலையில் கணக்கு ஆராய்ச்சி செய்கிற தாடிக்காரர் தலையைத் தூக்கினார். அவர் பேசி அந்த அறையில் யாரும் கேட்டதில்லை.

"உபாத்தியாயர்" என்றார்.

அண்ணி தட்டினாள். திரையில் கொஞ்சமே கொஞ்சம் வரிகள் வந்தன. அவற்றின் நடுவில் ஒரு பழைய முதுகலை ஆய்வேடு. 'வினாவுக்கும் விடைக்கும் நடுவே உபாத்தியாயர் பொறுத்திருத்தல்.'

அட, இது அவள் கேள்வி! அவள் பிறப்பதற்கு முன்பே யாரோ ஒரு டீச்சர் அதே கேள்வியோடு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள்! ரேடியோ எழுந்து குதித்தேவிட்டாள். தாடிக்காரரைப் பார்த்து, "இவ்வளவு நேரம் எங்க சார் போயிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"யோசிச்சிட்டு இருந்தேன்" என்றார் அவர், கூச்சத்தோடு.

ஆய்வேடு அடித்தளத்துக் கிடங்கிலிருந்து தூசியோடு வந்தது. அண்ணி முதல் பக்கத்தைப் புரட்டப் போனாள். மேடம் கையைத் தட்டிவிட்டார். "முதல்ல கடைசிப் பக்கம். அவங்க எதையெல்லாம் படிச்சாங்கன்னு அங்கதான் இருக்கும். அதைப் பிடிச்சுப் பின்னால போங்க. அப்புறம் இந்த ஆய்வேட்டை யார் யார் படிச்சு எழுதியிருக்காங்கன்னு பாருங்க, அதைப் பிடிச்சு முன்னால வாங்க. நூலைப் பிடிச்சா விடக்கூடாது, இழுத்துக்கிட்டே போகணும்."

இழுத்தார்கள். ஒன்று இன்னொன்றைக் கொண்டுவந்தது, அது வேறு இரண்டைக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் எழுதியவர்கள் அதையே 'காத்திருப்பு நேரம்' என்றார்கள். அந்தப் பெயர் தெரிந்ததும் மடை திறந்தாற்போல் ஆயிற்று. லைப்ரரி மூடுகிறவரை ரேடியோ ஓடி ஓடி எடுத்து வந்தாள், அண்ணி குனிந்த தலை நிமிராமல் படித்தாள். படிக்கப் படிக்க ஏதோ ஒன்று அவளுக்கு இடறிக்கொண்டே இருந்தது. ஒவ்வோர் ஆய்விலும் 'யாரிடம் கேட்டார்கள்' என்ற பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போனாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறபோது வழக்கத்தைவிட அமைதியாக இருந்தாள். அந்தக் குறையையும் சேர்த்து ரேடியோவே பேசித் தீர்த்தாள்.

வெள்ளிக்கிழமை குழுவின் முன்னால் அண்ணி நகல்களை அடுக்கி வைத்தாள். ஆதாரம் சார் ஒவ்வொன்றாகப் புரட்டினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கடைசியில் நிமிர்ந்தார்.

"சரிம்மா. இவ்வளவு பேர் ஏற்கெனவே பண்ணிட்டாங்களே. அப்புறம் நீங்க எதுக்கு?"

பாருங்கள் அநியாயத்தை! யாரும் செய்யவில்லை என்றாலும் ஆகாது, செய்திருந்தாலும் ஆகாது. கதவுக்கு வெளியே காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ பல்லைக் கடித்தாள். ஆனால் அண்ணிக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் அவள் ராத்திரியெல்லாம் காத்துக்கொண்டிருந்தாள்.

"சார், இவங்க எல்லாரும் வகுப்புல பின்னால உக்காந்து டீச்சர் எவ்வளவு நேரம் பொறுக்கறாங்கன்னு அளந்திருக்காங்க. பதில் வந்துதா, நீளமா வந்துதான்னும் அளந்திருக்காங்க. ஆனா அந்த நேரத்துல பிள்ளைக்குள்ள என்ன நடந்துதுன்னு பிள்ளைகிட்ட ஒருத்தர்கூடக் கேக்கல. நான் கேக்கப் போறேன்."

ஆதாரம் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஒருத்தர்கூட இல்லையா?"

"நீங்களே பாருங்க சார். எல்லாத்துலயும் அந்தப் பக்கத்துல தாள் வச்சிருக்கேன்."

அவர் நிஜமாகவே பார்த்தார், தாள் வைத்த பக்கம் ஒன்று விடாமல். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, "எனக்கும் ஒரு நகல் கொடுங்க. படிக்கணும்" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான் என்று கல்லூரி முழுக்க இன்றைக்கும் சொல்வார்கள். வெளியே வந்த அண்ணியை ரேடியோ கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை, இருவரும் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மகள் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அண்ணி பையைக் கூடக் கீழே வைக்காமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இதை வீட்டில் முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. இரண்டு வருஷமாக, ஏன்டி பதில் சொல்றதில்லை என்றுதான் கேட்டிருக்கிறாள்.

"கண்ணு, டீச்சர் கேள்வி கேட்டதும் உனக்குள்ள என்னம்மா நடக்கும்?"

மகள் மரத்துக்கு இலை போட்டுக்கொண்டே இருந்தாள். பயமா, மறந்துபோகுமா, வெட்கமா என்று எடுத்துக் கொடுக்க அண்ணிக்கு நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கிளை முழுக்க இலை போட்டு முடித்துவிட்டு மகள் பேசினாள்.

"நிறைய பதில் வரும்மா. எல்லாரும் சொல்றது ஒண்ணு வரும். எனக்கு மட்டும் தோணறது ஒண்ணு வரும். எது நல்லா இருக்குன்னு பார்த்துட்டே இருப்பேன். அதுக்குள்ள டீச்சர், 'சரி, உக்காரு'ன்னுடுவாங்க."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் அந்தப் பதிலையெல்லாம் என்னம்மா பண்ணுவே?"

"எல்லாம் இருக்கும்மா. சொல்லட்டுமா?"

"சொல்லு."

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள்.