எங்கே போகிறோம் என்று கேட்கக்கூடாது

எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். 'எங்கே போகிறோம்?' என்று மட்டும் கேட்கக்கூடாது. கிளம்புகிற நேரத்தில் அப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படாது என்பது ஊரில் எல்லாருக்கும் உள்ள எண்ணம்தான். ஆனால் மற்ற வீடுகளில் வாசற்படி இறங்கும்போது கேட்டால்தான் குற்றம். என் வீட்டுக்காரருக்கு முந்தின நாள் கேட்டாலும் குற்றம், முந்தின வாரம் கேட்டாலும் குற்றம். பூனை, பல்லி, ஒற்றைத் தும்மல் என்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவர் பயப்படாதது ஒன்றுதான் உண்டு. அது நான் போடுகிற சத்தம்.

அவருக்குத் தச்சு வேலை. காரைக்குடியில் செக்காலைப் பக்கம் குடியிருந்தோம். அமாவாசைக்கு ஆசாரிமார் உளியைத் தொடமாட்டார்கள். மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் வீட்டில் இருப்பார். காக்கைக்குச் சோறு வைப்பார், சாப்பிடுவார், கட்டிலில் சாய்ந்துகொண்டு விட்டத்தைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "பிள்ளைகளைக் கெளப்பு" என்பார். அவ்வளவுதான். எந்த ஊர், எப்போது திரும்புவோம், மூச்சு விடமாட்டார். கையில் மூன்று பிள்ளைகள். ஒன்றுக்குப் பின்னல் போட வேண்டும், ஒன்று கால்சட்டையைப் போட்டுக்கொண்டு அவிழ்க்கும், ஒன்று அந்த நேரம் பார்த்துத்தான் பால் கேட்கும். கால் மணி நேரத்தில் நாங்கள் தெருவில் நிற்க வேண்டும்.

ரெண்டு மூணு தடவை பட்டபிறகு எனக்குப் புத்தி வந்தது. ஒரு பெரிய பையை ஆணியில் நிரந்தரமாக மாட்டிவிட்டேன். கோயில் என்றால் கற்பூரம், தீப்பெட்டி. குளம் என்றால் ரெண்டு துண்டு, பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி. டூரிங் கொட்டகை என்றால் மணலில் விரிக்கப் பழைய போர்வை. யார் வீட்டுக்காவது என்றால் வெறுங்கையோடு போகாமல் ஒரு பொட்டலம் கற்கண்டு. ஆசைத்தம்பி, என் ரெண்டாவது பிள்ளை, பஸ் கிளம்பி அரை மைல் போவதற்குள் வாந்தி எடுப்பான். அவனுக்கு ரெண்டு எலுமிச்சம்பழம், கிழிந்த வேட்டித் துண்டு. புளிக்காய்ச்சல் ஜாடியில் எப்போதும் இருக்கும். சோற்றை ஆறவிட்டுக் கிளறினால் தூக்குவாளி ரெடி. பக்கத்து வீட்டுக்காரிகள் பையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கென்ன, அவர்கள் புருஷன்மார் பத்து நாளைக்கு முன்பே சொல்லிவிட்டுக் கடைசியில் எங்கேயும் கூட்டிப்போவதில்லை.

நாங்கள் போகாத இடம் இல்லை. குன்றக்குடி மலையில் ஏழெட்டுத் தடவை ஏறியிருப்போம். பிள்ளையார்பட்டி. வலையபட்டியில் யாரென்றே தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று. அங்கே இவர் பாட்டுக்குப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். நான் கற்கண்டுப் பொட்டலத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மணப்பெண் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். பிள்ளைகளுக்கு அமாவாசை என்றால் தீபாவளி மாதிரி. விடிந்ததும் எழுந்து தாங்களே பல் விளக்கிவிட்டு அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் அவர் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன். ஆத்தங்குடி பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டிவிட்டால் எனக்கு மனசு விட்டுப்போகும். எலுமிச்சம்பழத்தை எடுத்து ஆசைத்தம்பி கையில் கொடுத்துவிட்டு, எந்தப் பஸ்ஸோ அதில் ஏறுவேன்.

ஆத்தங்குடியில்தான் என் அக்கா நீலாயதாட்சி இருந்தாள். எங்கள் அம்மா முகம் எனக்கு ஞாபகமில்லை. எனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்கத் தோளில் போட்டு நடந்தவள் அக்காதான். என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அத்தான் வீரையா, தரைக்குப் போடும் பூக்கல் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தார்.

அறுபத்து மூன்றில் என் மூத்தவள் மீனம்மாளுக்குக் காது குத்தினோம். எங்களுக்கு உடன்பிறந்தவன் கிடையாது. சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்துவதாக ஏற்பாடு. அவன் வந்து பலகையில் உட்காரும் வரைக்கும் பிள்ளையை அக்கா மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மொட்டை அடித்த தலையில் அவளே சந்தனம் பூசினாள். அப்போது என் வீட்டுக்காரர், சபை நிறைய ஆள் இருக்கும்போது, "நல்ல காரியத்துக்குப் பிள்ளை பெறாதவ மடியிலயா புள்ளைய வைப்பாக? வாங்குங்க புள்ளைய" என்றார். பிள்ளை கை மாறியது. அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, இலை போடுவதற்கு முன்னாலேயே அத்தானோடு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம். போக்குவரத்து இல்லை. புருஷன் பகைத்துக்கொண்ட வாசலில் நான் மட்டும் எப்படிப் போய் நிற்பது? அவராக ஒருநாள் கூட்டிப்போவார் என்று காத்திருந்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் வாய் கிழியப் பேசுகிறவள், இதை மட்டும் நேராகக் கேட்கவில்லை. மனசுக்குள் அவரை வையாத நாளில்லை.

அறுபத்தொன்பது ஆவணி அமாவாசை. அன்றைக்கு அவர் சாப்பிட்டதும் கட்டிலில் சாயவில்லை. முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினார். கடைத்தெருவுக்குப் போய் ஒரு சீப்பு பூவன்பழமும் வெற்றிலையும் வாங்கிவந்து, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அதை மஞ்சள் பைக்குள் வைத்தார். கோயிலுக்கு என்றால் கோயில் வாசலிலேயே வாங்குவார். சினிமாவுக்கு எவனும் வெற்றிலை வாங்கிக்கொண்டு போகமாட்டான். பையை ஆணியிலிருந்து இறக்கி வைத்தேன்.

"பிள்ளைகளைக் கெளப்பு" என்றார்.

அன்றைக்கு நான் கிளப்பின வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மீனம்மாளுக்கு ரெட்டைப் பின்னல், ஆசைத்தம்பிக்குப் படியவைத்த தலை, கடைக்குட்டி சின்னக்கண்ணுக்குப் பட்டுப்பாவாடை. ஒன்றும் கேட்காமல், அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முருகா, இன்றைக்கு மட்டும் எந்தப் பூனையும் குறுக்கே வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

பூனை வரவில்லை. சின்னக்கண்ணுக்கு அப்போது மூன்று வயசு முடிந்திருந்தது. அந்த மாசம்தான் முழுசு முழுசாகப் பேச ஆரம்பித்திருந்தாள். பெரியதுகள் ரெண்டையும் கேட்கக்கூடாது என்று நான் பழக்கியிருந்தேன். இவளுக்குச் சொல்ல மறந்துபோனேன். படியில் நின்றுகொண்டு அப்பா வேட்டியைப் பிடித்து இழுத்து, தெளிவாக, தெருவே கேட்கிற மாதிரி, "அப்பா, எங்க போறோம்?" என்றாள்.

மீனம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். என்ன பிரயோசனம்?

அவர் திரும்பி உள்ளே போனார். வழக்கமாக இப்படி ஆனால் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இன்னிக்கு வேணாம். சகுனம் சரியில்ல. இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம். செம்பைத் தரையில் வைத்தேன். வைத்தேனா போட்டேனா, தண்ணீர் தெறித்தது.

"புள்ள கேட்டது சகுனமா? பாலுக்கு அழுற புள்ள அது. அது கேட்டதுதான் தப்புன்னா நானும் கேக்குறேன், கேட்டுக்கங்க. எங்க போறோம்? எங்க கூட்டிப் போகப் பாத்தீக? சொல்லுங்க. சொன்னா வானம் இடிஞ்சா விழும்?"

பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டன. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"ஒங்க அக்கா வீட்டுக்குத்தான்."

"அப்ப வாங்க. கெளம்புங்க."

"இன்னிக்கு மட்டும்னா நெனச்சே? ஒவ்வொரு அமாவாசைக்கும் அங்கதான் புள்ள கெளம்புறேன். வீட்ல இருந்து கெளம்பையில தைரியமாத்தான் இருக்கு. அந்த பஸ்ஸப் பாத்ததும் கால் வர மாட்டேங்குது. எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்? இதுக மூணும் தலை சீவிக்கிட்டு வந்து நிக்கிதுக, வீட்டுக்குத் திரும்புன்னும் சொல்ல முடியல. அதான் எந்த பஸ் நிக்கிதோ அதுல ஏறிர்றது."

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, டூரிங் கொட்டகை, முன்பின் தெரியாத கல்யாணம் எல்லாமே அக்கா வீட்டுக்குக் கிளம்பி வழிமாறிப் போனதுதானா? முன்கூட்டிச் சொல்லாததும் சகுனத்துக்காக இல்லை. சொல்லிவிட்டுப் போகாமல் திரும்பினால் என் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான். அட மனுஷா! ஆறு வருஷம் இதைச் சுமந்துகொண்டா குன்றக்குடி மலை ஏறினீர்? அவர்மேல் வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் தலையைப் பிடித்து என் வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன். பிள்ளைகள் பார்க்குமே என்றுகூடத் தோன்றவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அவர் நடை தளர்வதைப் பார்த்தேன். சின்னக்கண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆத்தங்குடி பஸ்ஸில் நானே முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். "ஏறுங்க" என்றேன். ஏறினார். ஆசைத்தம்பி வாந்தி எடுத்தான். எல்லாம் வழக்கம் போலத்தான் நடந்தது.

அக்கா பட்டறைக்குப் பின்னால் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மீனம்மா. ஆசைத்தம்பி. இது சின்னக்கண்ணுதானே?" என்றாள். பின்னதுகள் ரெண்டும் அவள் கண்ணால் காணாத பிள்ளைகள்.

என் வீட்டுக்காரர் மஞ்சள் பையை நீட்டினார்.

"மதினி, அன்னிக்கு நான் பேசுனது மனுஷன் பேசுற பேச்சில்ல. என்னைய..."

"இருக்கட்டும் தம்பி" என்றாள் அக்கா. "பேசுனது தப்புத்தான். ஆனா ஊரு ஒலகம் என்னையப் பேசாததையா நீங்க பேசிப்புட்டீக? எனக்கு அது பழகுனதுதான். பைய அங்குட்டு வச்சுட்டு உக்காருங்க. அவுக கடைக்குப் போயிருக்காக, வந்துருவாக."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி. அவரு வாயால சொன்னாரு. என் மடியில இருந்து புள்ளையத் தூக்குனது யாரு?"

நான்தான். முதலில் சொல்லும்போது பிள்ளை கை மாறியது என்று சொன்னேன் இல்லையா? மாறின கை என்னுடையது. அவர் சொன்ன அடுத்த நிமிஷம் நான்தான் குனிந்து, அக்கா முகத்தைப் பார்க்காமல், பிள்ளையை எடுத்துக்கொண்டேன். காசுக்கு ரெண்டு பேச்சுப் பேசுகிற என் வாய் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று அந்த ஒரு நிமிஷம் நானும்தான் பயந்தேன். ஆறு வருஷமாக அவரை வைதுகொண்டிருந்ததால் இதை நினைக்க நேரமில்லாமல் போயிற்று.

"ஒன்னைய வளத்த மடிடி இது" என்றாள் அக்கா. "சரி, அன்னிக்குப் பயந்துட்டே. மறுநாள் வந்திருக்கலாம்ல? மறுவாரம் வந்திருக்கலாம்ல? அவரு வரலன்னா ஒனக்குக் காலு இல்லையா? பஸ்ஸு ஒனக்கு நிக்காதா? ஊரெல்லாம் சுத்துறியாம், குன்றக்குடி போனே, சினிமா போனேன்னு வர்ற சனம் எல்லாம் சொல்லுது. இம்புட்டுக் கிட்டத்துல இருக்கேன், அக்கான்னு ஒருத்தி இருக்கான்னு ஒனக்குத் தெரியலையா?"

மணலில் உட்கார்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். சின்னக்கண்ணு என்னைப் பார்த்து அழுதாள், அவளைப் பார்த்து ஆசைத்தம்பி அழுதான். "நல்லா வந்து சேந்தீக, குடும்பத்தோட ஒப்பாரி வைக்க" என்று அக்கா வைதாள். வைதுகொண்டே சின்னக்கண்ணைத் தூக்கி மூக்கைச் சிந்திவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவர் மட்டும் மறுநாள் வேலைக்கென்று பஸ் ஏறினார். நானும் பிள்ளைகளும் நாலு நாள் இருந்தோம். குழம்பு வைக்கும்போது, மணல் சலிக்கும்போது, படுத்து விளக்கை அணைத்தபிறகுகூட, அக்கா நினைத்து நினைத்து என்னைத் திட்டினாள். அவளுக்கு ஆறு வருஷத்து பாக்கி இருந்தது. நான் ஒன்றுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசாமல், அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.