தொட்டியின் மறுபாதி

கிசெல்லா மதுக்கடைக்குக் குடிக்கப் போகிறவள் அல்ல, தொட்டி தேடிப் போகிறவள். புடாபெஸ்டின் ஏழாம் வட்டாரத்தில் பாழடைந்து கிடந்த வீடுகளில் எல்லாம் இளவட்டங்கள் புகுந்து மதுக்கடை போட்டிருந்த காலம் அது. இடிந்த சுவருக்கு வண்ண விளக்கு, உட்கார ஊரார் தூக்கியெறிந்த சாமான். பல் வைத்தியரின் நாற்காலியோ, குளியல் தொட்டியோ, கிடைத்ததன் மேல் மெத்தையைப் போட்டு, உட்காரு, குடி என்பார்கள். கிசெல்லா பிற்பகலில், கூட்டம் சேருமுன் வருவாள். சோடா கலந்த ஒயின் ஒன்று வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்ப்பாள்.

டோப் தெருக் கடையில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த தாடிக்காரன் பெர்ட்சிக்கு அவளைக் கண்டாலே குஷி.

“வாங்க, குழாய் ரிப்பேர்க்காரம்மா! எங்க தொட்டியெல்லாம் ஒழுகலக்கா, ஒழுகுறது கூரை மட்டுந்தான்.”

“வாயைக் கொஞ்சம் மூடுறியா? புதுசா ஏதாவது வந்துச்சா?”

“பின் முற்றத்துல ஒண்ணு போட்டிருக்கோம். போய்ப் பாருங்க. அதுக்கு முன்னாடி இந்த ரொட்டியத் தின்னுங்க, காத்தடிச்சா விழுந்துருவீங்க போல.”

பன்றிக்கொழுப்பு தடவி வெங்காயம் தூவிய ரொட்டி. அவள் அதைத் தொடவில்லை.

அவள் தேடியது வேறெங்கும் கிடைக்காத ஒன்று. அவர்களுடைய பழைய வீட்டில் குளியலறை கிடையாது. சமையலறையில்தான் தொட்டி. மேலே பலகையைப் போட்டால் சாப்பாட்டு மேசை, எடுத்தால் மகள் நொயேமிக்குக் குளியல். அடுப்பில் சூப் கொதிக்கும், இவள் இங்கே தண்ணீரை அடித்துத் தரையை நனைப்பாள். அம்மாவின் சிவப்பு நகப்பூச்சைத் திருடி, குழாய்ப் பக்கத்து வெளிப்புறத்தில் ஒரு வாத்து வரைந்துவைத்தாள். முதுகில் ஒரு அறை வாங்கினாள். பதினோரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவள் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த அறையை நினைத்து கிசெல்லா அழாத நாள் இல்லை.

எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒருநாள், வேண்டாததை நடைபாதையில் வைத்துவிடலாம். வைத்த பிறகு அது வைத்தவருக்குச் சொந்தமில்லை, எடுத்தவருக்குத்தான். போலீசுக்குப் போனாலும் சிரித்து அனுப்பிவிடுவார்கள். குழந்தை போன அடுத்த வசந்தத்தில் அந்த நாள் வந்தது. கிசெல்லா வேலைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது சமையலறையில் தொட்டி இருந்த இடத்தில் அதன் நான்கு கால்களின் தடம் மட்டுமே இருந்தது. கணவன் கெல்லெர்ட் ஜன்னலைப் பார்த்தபடி நின்றான்.

“எங்கே?” என்று கேட்டாள்.

“கீழ வெச்சேன். போயிருச்சு.”

அவ்வளவுதான். வாயில் கொழுக்கட்டையா என்று உலுக்கியும் மேற்கொண்டு ஒரு சொல் வரவில்லை. பெற்ற மகளைத் தெருவில் வைத்தவன் என்று அன்றைக்கே மனதுக்குள் தீர்ப்பெழுதிவிட்டாள். அதற்குப் பிறகு உப்பைக் கொடு, கதவைச் சாத்து, அதற்கு மேல் பேச்சில்லை. வியாழக்கிழமைதோறும் அவன் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பொது வெந்நீர்க் குளத்தில் இறங்கி, தண்ணீரில் நின்றபடியே சதுரங்கம் ஆடப் போவதாகச் சொல்லிக் கிளம்புவான். மகள் போனபின் சதுரங்கம் ஒரு கேடா என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். திரும்பி வந்ததும் அந்தத் துண்டை இவள்தான் கொடியில் போடுவாள். அது ஒருநாளும் ஈரமாக இருந்ததில்லை. கோபத்தில் இருப்பவளுக்கு அது எங்கே உறைக்கும்?

டோப் தெருக் கடையின் பின் முற்றத்தில் தொட்டியைக் குறுக்கே அறுத்து நாற்காலி ஆக்கியிருந்தார்கள். முதலில் அவள் கண்ணில் பட்டது அதன் கால். இரும்புக் கால் உடைந்த இடத்தில், முன்பு கெல்லெர்ட் சீவிப் பொருத்திய மரக்கட்டை. அதன் பிறகுதான் அதில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தாள். மடியில் துண்டுப் பையை வைத்துக்கொண்டு, குடிக்காத கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, கெல்லெர்ட் உட்கார்ந்திருந்தான்.

அன்று வியாழக்கிழமை என்பதே அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அவன் எழவில்லை, பதறவுமில்லை.

“தொட்டியில அவ தண்ணியத் தெறிக்க விடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு கிசி,” என்றான். “ராத்திரியெல்லாம். தாங்கல. தூக்கி வெளிய வெச்சிட்டேன். அரை மணி நேரங்கூட ஆகல, மனசு கேக்காம ஓடிப் போய்ப் பாத்தேன். எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்.”

“என்கிட்டச் சொல்றதுக்கென்ன, பாவி?”

“கண்டுபிடிச்சுக் கொண்டாந்து வெச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். கடை கடையா அலைஞ்சேன். போன வாரந்தான் இது கிடைச்சுது.”

கிசெல்லா மண்டியிட்டு வெளிப்புறத்தைத் தடவினாள். பக்கம் பக்கமாய்த் தடவினாள். வெறும் வெள்ளை எனாமல், அறுத்த விளிம்பு.

“வாத்து எங்கே?”

“அது அந்தப் பாதியில.” அவன் அறுத்த விளிம்பைக் காட்டினான். “அதைத்தான் இன்னும் தேடிட்டிருக்கேன். இங்க இருக்கிறவங்களுக்கும் தெரியலயாம்.”

அவன் ஓரமாக நகர்ந்தான். ஒருவருக்கே போதாத இடம். அவள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் போன பிறகு இருவர் தோளும் ஒன்றையொன்று தொட்டது அன்றுதான். அவன் பையிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

தொடாமல் விட்டு வந்த ரொட்டியை ஏந்திக்கொண்டு பெர்ட்சி வந்து, வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்னக்கா, தொட்டி கிடைச்சுதா?”

அவள் துண்டை எடுக்காமலே பதில் சொன்னாள்.

“பாதி கிடைச்சுது தம்பி.”