ஆறாவது வரிசைச் சாமந்தி

அந்தத் தெருவுக்கு விளக்கு வந்ததே வெளக்கக்காவால்தான். டியூஷன் முடிந்து வந்த அவள் மகள் இருட்டில் சாக்கடைக்குள் விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். மறுநாளே கிளம்பிய தாய் நகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தாள். பதினோரு தடவை! கடைசியில் பியூனே எழுந்து நாற்காலி போட்டான். கம்பம் வந்தது, விளக்கு பளீரென்று எரிந்தது, தெரு அவளுக்குப் பேர் வைத்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் முகத்தைப் பார்க்கணுமே! பெருமை இருக்காதா பின்னே?

அதே தெருவோரப் பூப்பண்ணையில் சாமந்தித் தொட்டிகளுக்கு அவள்தான் பொறுப்பு. மொத்தம் ஆறு வரிசை, எல்லாம் ஒரு ஓட்டலுக்குப் போக வேண்டியவை. ஐந்து வரிசை மொட்டுக் கட்டிவிட்டது. தெருவை ஒட்டிய ஆறாவது மட்டும் தளதளவென்று இலையாய்த் தள்ளிக்கொண்டே போனது. மொட்டு என்ற பேச்சே இல்லை.

"என்னக்கா, கீரையா வளர்க்கறீங்க?" என்றாள் முதலாளியம்மா. "ஓட்டல்காரர் இந்த வரிசைக்கு இன்னும் எட்டு வாரம் தர்றேன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள பூக்கலேன்னா ஆர்டர் போயிடும். உங்க பொறுப்பையும் வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அதே மண், அதே தண்ணீர், அதே உரம். அப்புறம் என்ன கேடு இதுக்கு?

அன்று சாயங்காலம் வரிசை முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நடுவில் நாலே நாலு தொட்டியில் மட்டும் மொட்டு! அந்த நேரம் பார்த்துத் தெருவிளக்கு எரிந்தது. விளக்குக்கும் வரிசைக்கும் நடுவில் நின்ற தண்ணித் தொட்டியின் நிழல் நீளமாக விழுந்தது. சரியாக அந்த நாலு தொட்டிமேல்.

"அடக் கடவுளே!" என்று தலையில் கை வைத்தாள்.

இராத்திரி நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும் என்பது இத்தனை வருஷத்தில் அவள் கண்ட உண்மை. விடிய விடிய வெளிச்சம் அடித்தால் செடி என்ன செய்யும் பாவம்? இன்னும் கோடைதான் போல என்று இலையை விட்டுக்கொண்டிருக்கும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

மூடி மறைக்கலாம். அவளுக்கு அது வராது. மறுநாள் காலையிலேயே போய்ச் சொன்னாள். முதலாளியம்மா உடனே போனை எடுத்தாள். "அவ்வளவுதானே? லைட்டைப் பிடுங்கச் சொல்றேன்."

அக்கா போன்மேல் கையை வைத்துவிட்டாள். "தொடாதீங்கம்மா. இருட்டுல நடந்து வர்றது எங்க பொண்ணுங்க. விளக்கு எரியட்டும், செடியும் பூக்கும். ரெண்டுக்கும் நான் பொறுப்பு."

தையல்காரரான அவள் புருஷன் கறுப்புத் துணியை மூட்டிக் கொடுத்தார். "எனக்கு ஒரு போர்வை தெச்சுக்க நேரமில்ல, உன் செடிக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்று முனகினாலும் தையல் கெட்டியாகத்தான் இருந்தது. தினமும் மாலை ஐந்துக்கு மூடுவாள், காலை ஏழுக்கு எடுப்பாள். ஞாயிறு கிடையாது, காய்ச்சல் கிடையாது.

"தாலாட்டு பாடலையாக்கா?" என்றான் லோடு ஏற்றுபவன்.

"உனக்கெதுக்குடா தாலாட்டு? அது இல்லாமலே வேலை நேரத்துல தூங்கறவனாச்சே நீ!"

நாலாவது வாரம் பச்சைப் பொட்டுகளாக மொட்டு தெரிந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எட்டாவது வாரம் வரிசை முழுக்க மஞ்சள்.

ஓட்டல்காரர் வந்து தொட்டி தொட்டியாகத் திருப்பிப் பார்த்தார். "அருமை! ஆனா இது மட்டும் ஏன் இவ்வளவு லேட்டு?"

"அது வந்து, இந்த வருஷம் மழை..." என்று முதலாளியம்மா இழுத்தாள்.

அக்கா முன்னால் வந்தாள். "மழையுமில்ல, வெயிலுமில்லங்க. தெருவுக்கு விளக்கு போட வெச்சது நான். அதுல செடி கெட்டுச்சு. கெடுத்ததும் நான்தான், பூக்க வெச்சதும் நான்தான்."

அவர் பேனாவை எடுத்தார். "அடுத்த வருஷத்துக்கும் எழுதிக்கறேன். யார் பேர்ல ஆர்டர் போடணும்?"

முதலாளியம்மா அக்காவைக் கையால் காட்டினாள்.