மேஜையில் தொங்கிய சிவப்பு அட்டை

ஷைனிக்கு எருமை வரவில்லை. காலையிலிருந்து ஏழு எருமை வரைந்துவிட்டாள். ஒன்று கழுதையாகப் போனது, ஒன்று பன்றியாக உப்பியது, மீதி ஐந்தும் இன்னதென்று சொல்ல ஆண்டவராலும் முடியாது. மணி இரண்டு. ஆறு மணிக்குள் புத்தகம் பொன்னேரியில் ஹேமாவதி மேடம் வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மாதப் பாடும் குப்பைக்குத்தான்.

கும்மிடிப்பூண்டியில் தெருப்பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவள் அவள். வகுப்பு எடுப்பவர்களே சிறுவர் படக்கதை எழுதிக் கொடுக்கலாம், தேர்வாவதை அச்சிட்டு மாவட்டம் முழுக்கக் கொடுப்போம் என்று கல்வி அலுவலகத்தில் அறிவித்திருந்தார்கள். கூடி வேலை செய்வதும் உதவி கேட்பதும்தான் தலைப்பு. ஒருங்கிணைப்பாளர் ஹேமாவதி எல்லாவற்றையும் ஞாயிறு மாலைக்குள் வாங்கி, திங்களன்று திருவள்ளூருக்குக் கொண்டு போவார்.

தன் பெயரை அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று ஷைனிக்கு அப்படி ஒரு வெறி. பத்தாம் வகுப்பில் பள்ளி ஆண்டு மலருக்கு அவள் கொடுத்த கவிதை வேறொரு பெண்ணின் பெயரில் வந்துவிட்டது. அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை ஆறவில்லை. அதனால்தான் ஒரு பக்கம்கூட முடியாத முதல் நாளே புத்தக அட்டையில் 'கதையும் படமும்: ஷைனி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, சுற்றிலும் பூ வேறு போட்டிருந்தாள்.

கதை நல்ல கதைதான். டும்பு என்ற குட்டி டெம்போ வயலோரச் சேற்றில் மாட்டிக்கொள்கிறது. யாரையும் கூப்பிடாமல் தானே உறுமி உறுமி இன்னும் புதைகிறது. பத்தாம் பக்கத்தில்தான் வாயைத் திறந்து, கொஞ்சம் தள்ளி விடுங்களேன் என்கிறது. எருமைகள் வந்து தள்ளுகின்றன. எருமையை மட்டும் வைக்காமல் இருந்திருக்கலாம்.

அவள் இப்படி மாரடித்துக்கொண்டிருக்க, மூன்றடி தள்ளிப் பாயில் அவள் கணவன் ஜோஷ்வா கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். வாரத்துக்கு ஒரு நாள் லீவு, அதையும் உட்கார்ந்தே தீர்த்துவிடுவான் போலிருந்தது. அவன் தங்கை ஏஞ்சலின் கதவோரம் சாய்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். பிசிறில்லாமல் பூசினாள். அதைப் பார்க்கப் பார்க்க ஷைனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே நான்கு பக்கம் வண்ணமில்லாமல் கிடக்கிறது, அங்கே நகம் ஜொலிக்கிறது.

வியாழக்கிழமை ஏஞ்சலின் டீ டம்ளரை மூன்றாம் பக்கத்தின் மேல் வைத்துவிட்டாள். டும்புவின் நெற்றியில் வட்டமாகக் கறை விழுந்தது. ஷைனி வீட்டை இரண்டாக்கினாள். கத்தியது போதாதென்று ஜோஷ்வாவின் யூனிஃபார்ம் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை உருவினாள். ஆலையில் மெஷினைப் பழுது பார்க்கும்போது சுவிட்சில் தொங்கவிடுகிற அட்டை அது. 'தொடாதே, ஆள் வேலையில் இருக்கிறார்' என்று போட்டிருக்கும். கீழே கோடிட்ட இடத்தில் தன் பெயரை எழுதி, மேஜைக் காலில் நைலான் கயிற்றால் கட்டினாள். ஜோஷ்வா ஒன்றே ஒன்றுதான் கேட்டான், உன் பேரைத்தான் எழுதினாயா என்று. ஆமாம் என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து மேஜைப் பக்கம் அவன் நிழல்கூட விழவில்லை. வெள்ளிக்கிழமை மின்விசிறிக் காற்றில் ஆறாம் பக்கம் பறந்து அவன் காலடியில் விழுந்தபோதுகூட எடுக்கவில்லை. மிதித்துவிடாமல் காலை மடக்கிக்கொண்டு, அடுப்படியில் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டான். இப்படியும் ஒரு ஜென்மம் உண்டா என்று நொந்துகொண்டாள்.

எட்டாவது எருமைக்கு ஐந்து கால் வந்தது. ஷைனி பென்சிலை வீசினாள்.

"மூணு நாளா நான் பேஜாராகிக்கினு கீறேன். நீ பாட்டுக்குக் குந்திக்கினு பார்த்தா இன்னா அர்த்தம்? ஒரு கை குடுத்தா தேய்ஞ்சிடுவியா?"

ஜோஷ்வா மேஜைக் காலில் தொங்கிய அட்டையைக் காட்டினான். "உன் டேக்கு தொங்குதே. போட்டவங்கதான் கழட்டணும். மேனேஜரே வந்தாலும் அடுத்தவங்க டேக்குல நான் கை வைக்க மாட்டேன்."

கிண்டல் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவன் கூட்டாளி இம்மானுவேல் மெஷினுக்குள் கைவிட்டிருந்தபோது, அவனுக்கு உதவுவதாக நினைத்து எவனோ அட்டையைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டுவிட்டான். இம்மானுவேலின் வலது கையில் இப்போது இரண்டு விரல்தான். அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் ஜோஷ்வா. அந்த ரத்தச் சட்டையைத் துவைத்தவள் ஷைனி.

அது அவளுக்கு நினைவு வந்தது. அதற்காகக் கோபம் போய்விடவில்லை. இது சுவிட்சா, மேஜைதானே என்று முனகியபடி குனிந்தாள். மூன்று முடிச்சு போட்டிருந்தாள், ஒன்றும் அவிழவில்லை. கத்தரிக்கோலால் வெட்டி அட்டையை அவன் முன்னால் போட்டாள். அவன் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

"கழட்டினா மட்டும் போதாது. கழட்டிட்டேன், வரலாம்னு வாயால சொல்லணும். அதான் ரூல்."

இவனைக் கட்டிக்கொண்டதற்கு ஒரு எருமையையே கட்டியிருக்கலாம். ஷைனி பல்லைக் கடித்தாள். டும்புவுக்காகப் பத்தாம் பக்கத்து வரியைப் பதினோரு முறை மாற்றி எழுதியவள் அவள். தனக்கென்று வரும்போது ஒரு வார்த்தை எழும்பவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

"எனக்கு எருமை வரல," என்றாள் கடைசியில். "கழட்டிட்டேன். வந்து போட்டுக் குடு. ஏஞ்சலின், நீயும் வா, கலர் அடி."

"மூணு நாளா இதுக்குத்தான் அண்ணி பயந்துக்கினு இருந்தேன், கூப்பிடவே மாட்டீங்களோன்னு," என்று ஏஞ்சலின் நகத்தை ஊதிக்கொண்டே வந்தாள்.

சின்ன வயதில் பொன்னேரி வயல்களில் அடுத்தவர் எருமைகளை மேய்த்தவன் ஜோஷ்வா. எருமை கொம்பால் தள்ளாது, நெற்றியைக் கொடுத்து முன்னங்காலை ஊன்றித் தள்ளும் என்று சொல்லிக்கொண்டே வரைந்தான். ஐந்தே நிமிடத்தில் மூன்று எருமைகள் மூச்சு வாங்க நின்றன. ஏஞ்சலின் நகத்துக்குப் பூசுவது போலவே சேற்றுக்கும் பூசினாள். ஷைனிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. நாலரைக்கு வேலை முடிந்து, ஐந்து மணி ரயிலைப் பிடித்தார்கள். ஈரம் ஒட்டாமல் புத்தகத்தை ஜோஷ்வா மடியில் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

ஹேமாவதி வாசலிலேயே நின்று புரட்டினார். பதினோராம் பக்கத்தில் கை நின்றது.

"எருமைங்கதான், ஷைனி, உயிரோட இருக்கு. எங்க கத்துக்கினே?"

சிரித்து வைத்திருந்தால் போதும். புத்தக அட்டையில் படமும் ஷைனி என்றுதான் எழுதியிருக்கிறது. ஜோஷ்வா தெருவில் போகிற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றான், வாயைத் திறக்க மாட்டான். ஷைனிக்குப் பள்ளி மலர் ஞாபகம் வந்தது. தன் கவிதைக்கு மேலே இருந்த அந்தப் பெயர் ஞாபகம் வந்தது. மேடையில் கைதட்டல் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் சிரித்த சிரிப்பும் ஞாபகம் வந்தது.

"அது இவரு போட்டது மேடம். ஒரு பேனா குடுங்களேன்," என்றாள்.

அவள் பெயருக்குக் கீழே இடமில்லை. அவ்வளவு பெரிதாக எழுதி, பூ வேறு போட்டுத் தொலைத்திருந்தாள். இரண்டு பூக்களை அடித்துவிட்டு, அந்தச் சந்தில் 'எருமைகள்: ஜோஷ்வா, வண்ணம்: ஏஞ்சலின்' என்று நெருக்கி எழுதினாள்.

ஜோஷ்வா எட்டிப் பார்த்தான். "கோணலா கீது."

"அத யாரும் உன்ன கேக்கல," என்றாள் ஷைனி.