எட்டு மணிக்குள் வீடு

காலை ஏழு மணியிலிருந்து எகோன் லிண்டாவர் நாஜி அதிகாரியின் உடுப்பில் காத்திருந்தார். இப்போது மாலை ஐந்தரை. காலர் கழுத்தை அறுத்தது; கன்னத்தில் ஒட்டிய மெழுகுத் தழும்பு அரித்தது. ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்த யூதருக்கு ஹாலிவுட்டில் கிடைத்த பிழைப்பு, ஹிட்லரின் ஆளாக நடிப்பது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நாலு வருஷம் கூட்டத்தில் நின்றவருக்கு இன்றுதான் வசனம் கிடைத்திருக்கிறது. இது தேறினால் மனைவி ஃபிரீடா ஊரார் வீட்டுத் தரையைத் துடைக்கப் போகவேண்டாம்.

ஊரடங்குதான் தொல்லை. போர் வந்ததிலிருந்து, ஜெர்மனியிலிருந்து வந்தவர் எல்லோரும் அமெரிக்கச் சட்டப்படி எதிரி நாட்டார். எட்டு மணிக்குள் வீட்டில் இருந்தாக வேண்டும். யூதர் என்று சலுகை கிடையாது.

உதவி இயக்குநர் கிளைட் தயங்கித் தயங்கி வந்தான். "ஒங்க ஷாட் ராத்திரி ஒம்பது மணிக்குத்தானாம். முடியாதுன்னா டைரக்டர் வேற ஆளைப் போட்டுக்கறாராம்."

எகோன் எழுந்துகொண்டார். "பரவாயில்லே ஸார். கூப்பிட்டதே பெரிசு."

"பெரிசாவது புண்ணாக்காவது! உக்காருங்க நீங்க," என்று அதட்டிய ஒப்பனைக்காரி மேபல், நேரே விளக்குக்காரர்களிடம் போனாள்.

சற்று நேரத்தில் விளக்குகள் தொங்கும் பரணிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஸார், ஹீரோயினுக்கு லைட் மாத்த ரெண்டு மணி நேரமாகும். அந்த நாஜி மேஜைக்குன்னா இப்பவே ரெடி!"

"சரி, அந்த ஆளையே கொண்டாந்து தொலைங்க," என்றார் இயக்குநர்.

எகோன் மேஜையைக் குத்தி, எதிரே நின்ற கிராமத்தாரைப் பார்த்துக் கத்தினார். "எட்டு மணிக்கு மேல் தெருவில் எவன் தலை தெரிந்தாலும் சுடுவேன்!" ஒரே டேக்.

"இத்தனை நாளா எங்கேய்யா இருந்தே?"

"மூணாவது வரிசையிலே ஸார்."

இயக்குநர் சிரித்துவிட்டார். "ஒனக்கு இன்னும் நாலு சீன் எழுதச் சொல்றேன். வியாழக்கிழமை காலையிலே வந்து நிக்கணும். அன்னிக்கு விட்டா செட்டைப் பிரிச்சுடுவாங்க."

உடுப்பை மாற்றிக்கொண்டு ஓடியவரை மேபல் பஞ்சோடு துரத்தினாள். "கன்னத்துத் தழும்பை எடுக்க வேணாமா?"

"பஸ் போயிடும்மா! ஒங்களுக்கெல்லாம் என்ன கைம்மாறு பண்ணப்போறேன்!"

வீட்டுக்குள் நுழையும்போது எட்டாக ஆறு நிமிஷம். சேதி கேட்டு ஃபிரீடா அழுதாள், சிரித்தாள், சூப்பைப் பொங்கவிட்டாள்.

எட்டுக்குக் கதவு தட்டப்பட்டது. ஊரடங்குக்குக் கணக்கெடுக்க வந்த போலீஸ்காரர். "இருக்கேன் ஐயா, இருக்கேன்," என்று எகோன் எதிரி நாட்டாருக்கான அடையாள அட்டையை நீட்டினார்.

போலீஸ்காரர் அட்டையிலிருந்த படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தத் தழும்பு இதிலே இல்லையே?"

"அது மெழுகுங்க! சினிமா வேஷம்," என்றாள் ஃபிரீடா.

எகோன் சிரித்தபடி தழும்பை உரித்துக் காட்டினார். போலீஸ்காரர் சிரிக்கவில்லை.

"வேஷம் மாத்தத் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "விசாரிக்கணும். வியாழக்கிழமை காலையிலே ஆபீசுக்கு வந்துடுங்க. நாள் முழுக்க ஆகும்."

ஃபிரீடா அடுப்பை அணைத்தாள்.

"சரிங்க ஐயா. ரொம்ப நன்றி," என்றார் எகோன். மெழுகுத் துண்டைக் கையில் பொத்திக்கொண்டு, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.