கோணல் கோரைப்பல்

டென்டல் லேபில் பல்செட் செய்கிற ஒருவர், வேலை முடிந்து திரும்பும் வழியில் பழைய சாமான் கடையில் ஒரு பைப்பைப் பார்த்தார். புகைக்கும் பைப் செய்வதில் தலைமுறை தலைமுறையாகப் பேர்போன அயர்லாந்துக் கம்பெனியின் சரக்கு என்றார் கடைக்காரர். இவர் பார்த்ததோ, வாயில் வைக்கும் முனையில் பதிந்திருந்த பல் தடத்தை. இடது கோரைப்பல் லேசாகத் திரும்பியிருந்தது. அந்தத் தடம் பதித்த பல்செட்டைச் செய்தவரே இவர்தான். சொந்தப் பல் மாதிரியே கோணலாக இருக்கட்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டவர், இவருடைய மாமனார்.

பேரம் பேசாமல் பைப்பை வாங்கிவந்து, மனைவி வெளியே போன நேரம் பார்த்து மாமனார் முன்னால் வைத்தார்.

“யாரோடது மாப்ளே இது?”

“கடிச்ச பல்லு நான் செஞ்சது மாமா.”

மாமனார் பைப்பை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார்.

“புகையிலையை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. வெறும் பைப்பைத்தான் கடிச்சிட்டிருந்தேன். உங்க பொண்டாட்டி நம்பல. இனிமே இது வீட்டுக்குள்ள இருக்காதுன்னு சத்தியம் பண்ணிட்டு, கடையில போட்டுட்டேன். அன்னிலேர்ந்து கையும் ஓடல, காலும் ஓடல.”

“வீட்டுக்குள்ளதானே இருக்கக் கூடாது?” என்றார் மருமகன்.

இப்போது அது லேபின் மேசை டிராயரில் இருக்கிறது. மாமனார் தினமும் நாலு மணிக்கு வந்து, காலி பைப்பை அரை மணி நேரம் கடித்துவிட்டுப் போகிறார். பல்செட் உறுத்துகிறது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

“அப்பா தினமும் வந்தும் சரியாகலையா? உங்களுக்கு வேலை தெரியுமா, தெரியாதா?” என்று மனைவி கேட்டாள்.

“கஷ்டமான வாய்” என்றார் அவர்.