ஆதாரமற்ற மயக்கம்

ஒரு பழைய படத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்லும் முன்கதைப் படம் வெளியாகி இருபத்தோரு நாள் ஓடிவிட்டால் செங்காட்டூரில் அது அமலுக்கு வந்துவிடும். பழைய படத்தால் ஊரில் யார் யாருக்கு என்னென்ன நடந்ததோ, அதையெல்லாம் புதிய படத்துக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ள வேண்டும். பேரூராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கும் குடிநீர் இணைப்புக்கும் நடுவே இதற்கென்று ஒரு ஜன்னல் இருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு கடல்பூதப் படத்துக்கு முன்கதை வந்தது. பூதம் பிறந்ததிலிருந்தே சைவம் என்று அதில் காட்டிவிட்டார்கள். பழைய படத்தைப் பார்த்து மிரண்டுபோய், கப்பல் வேலையை உதறிவிட்டு ஊரில் முட்டைக்கடை வைத்திருந்த காதர் மொய்தீன், மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினார். அறுபத்தெட்டு வயதில் அவரைக் கப்பலில் சேர்த்துக்கொண்டார்கள். முட்டை வேண்டுமென்றால் இப்போது பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும். ஜனங்கள் போய் வாங்கி வருகிறார்கள்.

சாந்தாமணிக்கு நோட்டீஸ் வந்தது ஒரு வியாழக்கிழமை. அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். துணியை வெளிச்சத்தில் பிடித்து எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே பொத்தல் என்று கண்டுபிடிப்பது வேலை. முப்பத்தொரு வருடப் பழக்கம். நோட்டீஸையும் அதே மாதிரி ஜன்னல் பக்கம் பிடித்துத்தான் படித்தாள். ‘செவ்வாய்க் குடியிருப்பு’ படத்தின் விளைவாகத் தங்களுக்கு நடந்த திருமணம், ‘செவ்வாய்க் குடியிருப்பு: அடிக்கல்’ அமலுக்கு வரும் நாள்முதல் காரணம் இல்லாத திருமணமாகக் கருதப்படும். ஆட்சேபம் இருப்பின் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோமளவல்லி மண்டபத்தில் நடக்கும் பார்வையாளர் கூட்டத்தில் தெரிவிக்கலாம். டிக்கெட் துண்டு அவசியம்.

விஷயம் இதுதான். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் கண்ணம்மாள் டாக்கீஸில் ‘செவ்வாய்க் குடியிருப்பு’ ஓடியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. இடைவேளைக்கு முந்தைய காட்சியில் கமாண்டர் இளவழுதி செவ்வாயின் வெட்டவெளியில் மாட்டிக்கொள்கிறான். குடியிருப்பின் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. கவசத்தில் காற்று தீர்ந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஏழு நிமிடம் துடிக்கிறான். அவனுக்கு மூச்சு வருகிறவரை தானும் விடுவதில்லை என்று சாந்தாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது நிமிடத்தில் மயங்கிச் சரிந்தவளைப் பின்வரிசையிலிருந்து ஒருவன் தாங்கிப் பிடித்து, வெளியே கொண்டுவந்து, முகத்தில் சோடா தெளித்தான். அவன்தான் சென்னியப்பன். அடுத்த தையில் கல்யாணம்.

இப்போது ‘அடிக்கல்’ என்ன சொல்கிறது? இளவழுதிக்கு ஆறு வயதிலேயே நுரையீரலை எடுத்துவிட்டு, மார்புக்குள் ஒரு பாசித் தொட்டியை வைத்துத் தைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்கு வெளிக்காற்றே தேவையில்லை. தேவையில்லாதவன் திணறியிருக்க முடியாது. அவன் திணறாதபோது சாந்தாமணி மூச்சைப் பிடித்திருக்க வேண்டியதில்லை. மயக்கம் இல்லையென்றால் சோடா இல்லை, சோடா இல்லையென்றால் தாலி இல்லை. இத்தனையையும் நோட்டீஸில் ‘ஆதாரமற்ற மயக்கம்’ என்று இரண்டே வார்த்தையில் முடித்திருந்தார்கள்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. படத்தின் கதையில் பதில் சொல்லி அடைக்க முடியாத ஓட்டை ஒன்று இருப்பதாகக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால், முன்கதையை டைரக்டருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழையது பழையபடி நிற்கும். இளவழுதிக்கு நுரையீரல் இல்லை என்பதைவிடப் பெரிய ஓட்டை வேண்டுமா? பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

தொல்லை எங்கே என்றால், சென்னியப்பனுக்கு ‘அடிக்கல்’ என்றால் உயிர். ஒன்பது தடவை பார்த்துவிட்டார். ரேஷன் கடையில் எடைபோட்ட காலத்திலிருந்தே செவ்வாய்க் குடியிருப்பு ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் தலைவர். அந்தக் கதவுக் காட்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சர்க்கரை வாங்க வந்தவர்கள் சர்க்கரையை மறந்துவிட்டுப் போவார்கள்.

“நான் வாயே தொறக்க மாட்டேன் சாந்தா,” என்றார் நோட்டீஸைப் படித்துவிட்டு. “வேதநாயகம் வாத்தியாரு எப்பவும்போல எந்திரிச்சு ஓட்டைன்னு சொல்லுவாரு. நானும் ஆமான்னு தலையாட்டிப் போடறேன். சோலி முடிஞ்சுது.”

“ஆட்டுவீங்களா?”

“ஏம்புள்ள, கல்யாணத்தைக் காட்டியும் படமா பெருசு?”

சாந்தாமணி அதை நம்பினாள். கட்டிக்கொண்டு முப்பத்து நாலு வருடம் ஆனபிறகும் நம்பினாள் என்றால் அவளையும் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலி ஒன்றில் பேரூராட்சி ஜன்னலில் வேலைபார்க்கும் ஜெசிந்தா உட்கார்ந்து, எழுப்பப்படும் ஓட்டைக்கெல்லாம் நம்பர் போட்டுக்கொண்டிருந்தாள். எழுப்புகிறவர் வேதநாயகம் வாத்தியார். வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவர். படத்தைத் தாளும் பேனாவுமாகப் பார்க்கிறவர்.

முதல் ஓட்டை: சின்ன வயது இளவழுதிக்கு மச்சம் இடது கன்னத்தில், பெரியவனானதும் வலது கன்னத்தில். அந்தக் காட்சியில் அவன் கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஒரு அம்மாள் எழுந்து சொன்னார். அடைபட்டது.

இரண்டாவது: முன்கதையில் எல்லாரும் தொடுதிரையைத் தடவுகிறார்கள், முப்பது வருடம் கழித்து நடக்கும் பழைய படத்தில் அதே குடியிருப்பில் கேசட் போட்டுப் பாட்டுக் கேட்கிறார்கள். இது எப்படி?

“புதுசு ரிப்பேர் ஆயிருக்குமுங்க,” என்றார் மின்வாரியத்து ஆள் ஒருவர். “ரிப்பேர் ஆனா ஸ்டோர்ல இருந்து பழசைத்தான எடுத்துக் குடுப்பாங்க? கவர்மெண்டுக் குடியிருப்புங்களே.”

அரசு ஊழியர்கள் இருந்த நான்கு வரிசையும் தலையாட்டியது. அதுவும் அடைபட்டது.

மூன்றாவதாகத்தான் நுரையீரல் வந்தது. “மூச்சே வேண்டாத ஆளு ஏழு நிமிஷம் எதுக்குத் திணறினான்?” என்று கேட்டார் வாத்தியார். அடைக்கிறவர் உண்டா என்று ஜெசிந்தா ஒருமுறை கேட்டாள். இரண்டாம் முறை கேட்டாள். சாந்தாமணி பெண்கள் பக்கத்திலிருந்து புருஷனைப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனாலும் உட்கார்ந்துதான் இருந்தார். அவளுக்கு அவர்மேல் பிரியமாக இருந்தது.

வாத்தியார் அதோடு உட்கார்ந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “எழுதுனவனுக்கு சயின்சும் தெரியலை, மனுஷன் மனசும் தெரியலை,” என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

சென்னியப்பன் எழுந்துவிட்டார்.

“என்ற மாமனார் ஊட்டுக்குப் போனா, வகுறு ரொம்பியிருந்தாலும் நாலு இட்லி திங்கறேனுங்க,” என்று ஆரம்பித்தார். “எல்லாரும் எலையில உக்காந்திருக்கறப்ப ஒருத்தன் மட்டும் எனக்கு வேண்டாம்னு நின்னா நல்லாவா இருக்கும்? இளவழுதி ஆறு வயசுல இருந்து ஊரே மூச்சு உடறதைப் பாத்து வளந்தவனுங்க. இவனுக்கு மட்டும் வேண்டாம்னு தெரிஞ்சா மத்தவங்க மனசு என்ன பாடுபடும்? அதனால அவனும் உட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினோரு பேரு பதறிப்போயி நிக்கறாங்க. அவங்க முன்னால சும்மா நிக்க முடியுமுங்களா? மரியாதைக்குத் திணறினானுங்க. ஏழு நிமிஷமும் மரியாதைக்கு.”

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வேதநாயகம் வாத்தியாரே கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, “ஒத்துக்கறேன் சென்னியப்பன்,” என்றார். ஓட்டை அடைபடவில்லை என்று கையைத் தூக்கியவள் மண்டபத்திலேயே ஒருத்திதான். தூக்கிய கையை யாரும் எண்ணக்கூட வரவில்லை.

சாந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளின் காதுகுத்தில், சீர்த்தட்டில் வெள்ளிக் கிண்ணம் ஒன்று குறைகிறதென்று நாத்தனார் அவளை நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டபோது, இதே மனுஷன் ஓரமாக உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அன்று ஒரு வார்த்தை வரவில்லை. முகம் தெரியாத எவனோ எழுதிய பாசித் தொட்டிக்காக இன்று மண்டபத்தையே அழவைக்கிறார்.

வெளியே செருப்பைத் தேடும்போது சென்னியப்பன் பக்கத்தில் வந்து நின்றார். “வாய் தவறிப்போச்சு சாந்தா.”

“தவறலீங்க. நல்லாத்தான் பேசுனீங்க. அதான் எரிச்சலா இருக்குது.”

ஜெசிந்தா இருவரையும் ஜன்னலுக்கு வரச்சொல்லி விவரத்தைச் சொன்னாள். புதன்கிழமை முதல் அமல். மகளுக்கு ஒன்றும் ஆகாது. பதினெட்டு வயது தாண்டியவர்கள் தங்கள் சொந்தக் காரணத்திலேயே இருப்பதாக ஆறாம் விதி சொல்கிறது. “உங்களுக்கு மட்டும் ஒரு பாக்கி இருக்குதுங்கம்மா. மயங்கினதால நீங்க பின்பாதி பாக்கலை. மயக்கம் ரத்தாகுதுல்ல, அந்தப் பின்பாதியை உங்களுக்குக் காட்டியாகணும். நாளைக்கு மேட்னி.” பிறகு ஒரு படிவத்தை நீட்டினாள். திருமணத்துக்கு வேறு ஏதாவது காரணம் இருந்தால் மூன்று வரிக்குள் எழுதித் தரலாம். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிவரை நேரம்.

சாந்தாமணி அன்று முழுக்க யோசித்தாள். நல்ல மனுஷன், குடிக்க மாட்டார் என்று எழுதலாம். அப்படி ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். கடைசியில் படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மேட்னிக்குப் போனாள்.

எழுநூறு நாற்காலிக்கு நடுவில் அவள் ஒருத்தி. பின்பாதி அவளுக்குப் புதிதல்ல. அன்று சோடா பட்டுக் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “அப்புறம் என்ன ஆச்சுங்க?” என்பதுதான். காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சென்னியப்பன் அங்கேயே, போஸ்டருக்குக் கீழே நின்றபடி மிச்சக் கதையைச் சொன்னார். செவ்வாயில் பிறந்த குழந்தைகள் மழையையே பார்த்ததில்லை. இளவழுதி அந்தக் கிரகத்தின் கடைசிப் பனிக்கட்டியைக் கொண்டுவந்து குடியிருப்பின் கூரையில் கட்டித் தொங்கவிடுகிறான். அது ஒரு சாயங்காலம் முழுக்கச் சொட்டுகிறது. எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கொடியில் காய்ந்த துணியெல்லாம் நனைகிறது. ஒருவரும் ஓடிப்போய் எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அவளுக்கு மனசு சரியில்லாத நாளில், சமையலறை வாசலில் நின்று அதையே சொல்வார். வேறு யாருக்கும் சொன்னதில்லை.

விளக்கு அணைந்தது. இளவழுதி கொடைக்கானலில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஆடினான். ஒரு இயந்திர மனிதன் வாழைப்பழத் தோலில் வழுக்கி மூன்று தடவை விழுந்தான். செங்காவி அடித்த கல்குவாரியில் அரைமணி நேரம் சண்டை நடந்தது. செவ்வாயின் வானத்தில் காக்கை ஒன்று குறுக்கே பறந்தது. வில்லன் திருந்தினான். இளவழுதி சல்யூட் அடித்தான். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

குழந்தைகளே இல்லை. பனிக்கட்டி இல்லை. சொட்டு இல்லை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார்.

“ஐஸே வரலீங்க,” என்றாள் சாந்தாமணி.

“அப்படியா,” என்றார் அவர்.

“நீங்க பின்பாதி பாத்ததே இல்லையா?”

“உன்னையத் தூக்கிட்டு வெளிய வந்தவன்தான் புள்ள. நீ கண்ணு முழிச்சதும் கேட்டே. தெரியலைன்னு சொல்ல மனசு வரலை. அப்புறம் போயிப் பாக்கப் பயமா இருந்துச்சு. நான் சொன்னது அதுல இல்லாமப் போச்சுன்னா?”

முப்பத்தைந்து வருடம் மன்றத் தலைவராக இருந்தவர் ஏன் கதவுக் காட்சியைத் தாண்டி ஒன்றுமே பேசியதில்லை என்று அவளுக்கு விளங்கியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்படியே நடந்துபோய் ஜன்னலில் நின்றபடி படிவத்தை நிரப்பினாள்: மயக்கம் அல்ல. கண் விழித்த பிறகு இவர் சொன்ன படம்.

ஜெசிந்தா படித்துப் பார்த்து முத்திரை குத்தினாள். “படம்தான் காரணம்னா அதுவும் கூட்டத்துல பாஸ் ஆகணுங்கம்மா. பாத்தவங்க எத்தனை பேரு?”

“நான் ஒருத்திதானுங்க.”

“அப்ப நீங்க ஒருத்தர் வந்தாலே போதும், கூட்டத்துக்குக் கோரம் இருக்கு. ஓட்டையெல்லாம் அடைபடறவரைக்கும் கல்யாணம் நிலுவையில தொடரும். ஓட்டை எத்தனை வரும்னு தோராயமாச் சொல்லுங்க, மண்டபம் புக் பண்ணணும்.”

சாந்தாமணி கண்ணை மூடிக் கொஞ்சநேரம் எண்ணினாள். “முந்நூத்திப் பன்னெண்டுங்க.”

“வாரத்துக்கு ஒண்ணுதான் எடுப்போம். ஆறு வருஷம் ஆகும்.”

“அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் கெடைக்குமுங்க,” என்றாள் சாந்தாமணி.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. நூற்று நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள்; அவள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் ஜெசிந்தாவுக்குப் பக்கத்து சிவப்பு நாற்காலியில், டைரக்டர் என்ற முறையில், சென்னியப்பன் புது நோட்டும் பேனாவுமாக இருந்தார்.

“கொடியில கெடந்த துணியை யாருமே எடுக்கலைன்னீங்க,” என்றாள் சாந்தாமணி. “அத்தனையும் நனைஞ்சு போச்சு. மறுநாளு எதைக் கட்டிக்கிட்டாங்க?”

சென்னியப்பன் கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரு வாரம் அவகாசம் கேட்டார். ஜெசிந்தா ‘ஓட்டை 1: துணி’ என்று எழுதிக்கொண்டாள். படத்துக்கு வேண்டுமென்று மண்டபத்து ஆட்கள் காலையிலேயே கூரையில் ஏற்றிக் கட்டியிருந்த பனிக்கட்டி சொட்டத் தொடங்கியது. வாட்ச்மேன் சாம்பார் அண்டா ஒன்றை உருட்டிவந்து கீழே வைத்துவிட்டுப் போனார். சாந்தாமணி நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு, துணி விஷயத்தில் தனக்கு இன்னொரு துணைக் கேள்வி இருப்பதாகச் சொன்னாள்.